மஞ்சத் திருடிகள் வட்டமிட்ட வாரம்

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பனி. வைகைப் பாலத்தில் எதிரே வரும் வண்டியே தெரியவில்லை. கோச்சடையில் கிளம்பி, அழகர்கோவில் தாண்டி, அடிவாரத்து மேய்ச்சல் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

புது வேலை, முதல் நாள். பாறு கழுகுகளுக்கு இங்கே ஒரு திடலில் இரை போடுகிறார்கள். செத்த மாடுதான். ஆனால் எந்த மாட்டையும் போட்டுவிட முடியாதாம். மாட்டுக்கு ஊசியில் ஏற்றும் ஒரு வலி மருந்து இந்தப் பறவைகளைக் கொன்றுவிடும். சோதித்துப் பார்த்த பிறகே போடுவோம் என்று தினேஷ் சொன்னார். இந்தத் திடலை நடத்தும் அமைப்பின் ஆள், சின்ன வயசு. வருகிற பறவைகளைப் பறக்கும்போது நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்த இறகு விழுந்திருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றையும் அடையாளம் வைப்பார்களாம்.

ஓலை மறைப்புக்குள் நானும் டிரைபாடும். நாற்றம். முதலில் குமட்டியது, பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் பயமாக இருக்கிறது.

நாலு வந்தன. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் முகம். வெள்ளை வெளிறிப் போகிறது, எக்ஸ்போஷரைக் குறைத்தால் கறுப்பு அப்பிக்கொள்கிறது. இத்தனை வருஷம் கல்யாண மண்டபத்தில் எடுத்த கை. ஆகாயத்தைப் பார்த்துத் திணறல்.

பக்கத்து நிலத்துக்காரர் அழகு அண்ணன் இதை மஞ்சத் திருடி என்கிறார். பொம்பளைகள் அரைத்து வைத்த மஞ்சளைத் திருடிப் பூசிக்கொண்டதாம். சொல்லிச் சிரித்தவர் என் கழுத்தில் தாலிக்கயிற்றைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இதை யார் படிக்கப் போகிறார்கள். படத்துக்காக இந்த வேலைக்கு வரவில்லை. போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் என் வீட்டுக்காரர் கடைசியாகப் பஸ்ஸை விட்டு இறங்கியது இந்த அடிவாரத்தில்தான். மாத்திரையை நிறுத்தியிருந்தார், யாரோடும் பேச்சில்லை. மலைக்கு நடந்து போனதைப் பூக்கடைக்காரம்மா பார்த்திருக்கிறாள். போலீஸ் தேடியது, நாங்களும் ஆள் வைத்துத் தேடினோம். ஒன்றுமில்லை. மனுஷன் கண்ணில் படாதது இதுகள் கண்ணில் படுமே.

பிப்ரவரி 10, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். அத்தை அடிபம்பிலிருந்து குடம் சுமந்திருக்கிறாள், இப்போது இடுப்பு வலி. தான் பெற்ற பிள்ளை காணாமல் போன பிறகும் என்னோடுதான் இருக்கிறாள். மகள் வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. பசுமலைக் கல்யாண ஆல்பம் எப்போது என்று பெண்ணின் அம்மா போன். வெள்ளிக்கிழமை என்று பொய்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் படங்களைப் பார்த்தேன். பறவைகள் திடலில் கொஞ்ச நேரம்தான் இருக்கின்றன. பிறகு கிழக்கே பாறைச் சரிவின் மேல் சுற்றிச் சுற்றி இறங்குகின்றன. ஒரு படத்தில் இறக்கையை மடக்கி ஒன்று கீழே போகிறது. அதற்கு நேர் கீழே, படத்தின் மூலையில், பாறை இடுக்கில் நீலமாக ஏதோ.

பெரிதாக்கினேன். துணி மாதிரி. மடிப்பு தெரிகிறது. அன்று அவர் போட்டிருந்தது நீலச் சட்டை.

உலையில் சோறு குழைந்துவிட்டது. என்ன பார்க்கிறாய் என்று அத்தை கேட்டாள். கழுகு என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று தினேஷ் வரவில்லை, வேலையும் இல்லை. நாள் முழுக்க அந்த நீலம்.

இன்று அழகு அண்ணனிடம் போய் நின்றேன். சரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அங்கிட்டு என்னத்துக்கு, பாம்பு கெடக்கும் என்றார். கேமராவில் படத்தைக் காட்டினேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

உசிலைமரம் தாண்டியதும் நாற்றம். அண்ணன் நின்றார்.

"நீ இங்ஙனயே நில்லுத்தா. நான் பாத்துட்டு வாரேன்."

நிற்கவில்லை. அவர் பின்னாலேயே ஏறினேன். தலைக்கு மேல் ஒன்று தாழப் போனது. இறக்கைச் சத்தம், யாரோ புடவையை உதறுவது போல. இடுக்கில் எட்டிப் பார்த்தேன்.

நீலத் தார்ப்பாய். அதற்கடியில் மாடு. விலா எலும்பு வெளியே.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை அடங்கவில்லை.

"அழாதத்தா. மாடுதான். வெறும் மாடுதான்."

அவருக்கு எப்படிச் சொல்வது. மாடாக இருந்ததற்குத்தான் அழுதேன்.

இறங்கி வந்து தினேஷுக்குச் சொன்னோம். முகம் செத்துவிட்டது. ஊருக்குள் விசாரித்ததில், யாரோ புதைக்கச் சோம்பல் பட்டுக் கொண்டுவந்து தள்ளியது என்று தெரிந்தது. சாவதற்கு முந்தின நாள் வரை ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த மருந்தேதான். பொழுது சாயும் வரை குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். நானும் கல் பொறுக்கிப் போட்டேன். விரல் நகம் பெயர்ந்துவிட்டது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வெயில் கடுமை. மூன்றுதான் பறக்கின்றன. நாலாவது பாறை மேல் உட்கார்ந்திருந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. தினேஷ் பைனாகுலரை இறக்கவே இல்லை.

மறைப்புக்குள் எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடும்.

மத்தியானத்துக்கு மேல் அது எழும்பியது. கனத்த இறக்கை, நாலைந்து வீச்சு. பிறகு விரித்தபடி சறுக்கிக்கொண்டே பாறைக்குப் பின்னால் போனது. விரலை எடுக்காமல் எடுத்தேன். வெள்ளையும் கறுப்பும் இரண்டுமே சரியாக விழுந்திருக்கின்றன. இதுவரை எடுத்ததில் இதுதான் நல்ல படம்.

மறுபக்கம் வெளியே வரவில்லை. தினேஷ் ஓடினார். அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். எதைத் தின்றது, எங்கே விழுந்தது, கடைசியாக எப்படிப் பறந்தது, எல்லாம் தெரியும். ஒரு பறவைக்கு.

திங்களிலிருந்து வர முடியாது என்று தினேஷிடம் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை மட்டும் கேட்டார். கொடுத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆல்பம் இன்னும் முடியவில்லை. கேஸ் சிலிண்டர் புக் செய்தாயிற்று.

காலையில் அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எதற்காக அந்த வேலைக்குப் போனேன், நீலம், மாடு, நான் அழுதது. கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை அவள். ஒரு கட்டு முழுக்க முடித்தாள்.

"நானும் போயிருக்கேன். நீ கல்யாண வேலைக்குப் போற அன்னைக்கெல்லாம் பஸ் ஏறிருவேன். முட்டி வலிக்கிற மட்டும் ஏறிட்டு எறங்கிருவேன்."

ஒரே வீட்டில், ஒரே மலைக்கு, தனித்தனியாக.

பிறகு சொன்னாள்: "அவன் படம் ஒண்ணு பெருசாப் போடுத்தா."

பெருசாகப் போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனை சாவு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். எத்தனையோ கல்யாணம். ஒன்றிலும் அவர் இல்லை. லைட் பிடித்தது அவர்தானே. மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் இருக்கிறது, பெண் முகத்தில் இருக்கிறது. பிடித்த ஆள் இல்லை. எங்கள் கல்யாணப் படத்தில் மாலைக்குள் புதைந்த முகம், அது வேண்டாம் என்றாள்.

மத்தியானம் ஒன்று கிடைத்தது. ஏதோ மண்டபம். பெண் வருவதற்கு முன்னால் லைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவரைப் பெண் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்தது. கூச்சத்தோடு சிரிக்கிறார். பின்னால் பூ ஜோடனை.

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். ரொம்ப நேரம்.

"நெத்தியில முடி விழுந்து கெடக்கே. பொட்டு வைக்க எடமில்ல. ஒதுக்கிவிட முடியுமாத்தா?"

முடியும் என்றேன்.

இன்னும் ஒதுக்கவில்லை.