விளக்கு பொருத்திய இடம்

மல்லசமுத்திரம்
24-11-1938, வியாழன்

சௌபாக்கியவதி வசந்தாமணிக்கு அப்பா எழுதுவது. அம்மிணி, ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையில் கும்பிட்டுவிட்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே உன் அம்மாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

சடையன் என்ற வண்டிக்காரர் நேற்றுப் புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்குச் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வார்டு டாக்டர் என்னிடம் நேரில் சொன்னது, நான் அப்போது அவர் மனைவி அத்தாயிக்குப் பக்கத்தில் வராந்தாவில் நின்றிருந்தேன். சடையனை உனக்குத் தெரியாது. பத்து நாளைக்கு முன்னால் எனக்கும் தெரியாது. விளக்கை எங்கே மாட்டினீர்கள், தம்பிக்கு வசதியாக இருக்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நீ அனுப்பிய இரண்டு விளக்குகளை நான் எங்கே பொருத்தச் சொன்னேனோ அந்த இடம்தான் அந்த மனிதர் சாவுக்குக் காரணம். விளக்கு அனுப்பியதில் உன் தப்பு எள்ளளவும் இல்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் தம்பி மணியனின் வேலை உனக்குத் தெரியும். மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் முன் ஊருக்குள் போய்ச் சேர்ந்தால்தான் மாட்டு டாக்டரான அவனுக்கு ஊசி போட மாடு கிடைக்கும், அதனால் விடியுமுன் கிளம்பி இருபது முப்பது மைல் போகிறான். ஏற்காட்டுத் துரையிடம் வாங்கிய அந்தப் பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு மங்கல், குழியில் விழுந்து இரண்டு தரம் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான், அதைக் கேட்டுத்தான் நீ விளக்கு அனுப்பினாய். புரட்டாசியில் பார்சல் வந்ததும் பொருத்தும் காரியத்தை நானே ஏற்றுக்கொண்டேன். செய்தி சேகரிப்பது போல நோட்டும் பென்சிலுமாகப் போய் விசாரித்தேன். அஸ்தம்பட்டி மெக்கானிக் சின்னண்ணன் முதலில் கைப்பிடிக்கு மேல் வைக்கலாம் என்றார், பிறகு அவரே, "வேண்டாமுங்க, எதுக்க வார மாட்டுக் கண்ணுல நேரா அடிக்கும், மாடு மெரண்டுதுன்னா அப்புறம் மாட்டு டாக்டரே மாட்டுக்கு எமனாயிருவாரு" என்று சிரித்தார். நம் ஊர் பஸ் ஓட்டும் அம்மாசி, "மேல வெச்சா ரோடு பூரா ஒரே மட்டமாட்டத் தெரியுமுங்க, கீழ வெச்சாத்தான் குழியோட நெழலு தெரியும், குழிக்குப் பயந்தா கீழயே வெச்சுப்போடுங்க" என்றார். முன்சக்கரத்தோடு ஒட்டிக் கீழே வைத்தால் கல் தெறித்துக் கண்ணாடி போய்விடும். ஆகவே காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியின் இரண்டு கோடியிலும், இடதில் ஒன்று வலதில் ஒன்றாக, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் என்று முடிவு செய்து படம் வரைந்து கொடுத்தேன். சின்னண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மோட்டார் சைக்கிளுக்குக் கேக்கறீங்களா, காருக்குக் கேக்கறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பேட்டரி மூன்று விளக்கைத் தாங்காது என்பதால் புது விளக்குகள் எரியும்போது நடுவிளக்கு அணைந்துவிடும்படி சுவிட்சு வைத்தார். மாலையில் வண்டியை வீட்டு முன் நிறுத்தி எரியவிட்டு, பின்னால் நின்று ஐம்பது கஜத்தில் என்ன தெரிகிறது, நூறு கஜத்தில் என்ன தெரிகிறது என்று குறித்துக்கொண்டேன். எதிரே போய் நின்று பார்க்கவில்லை. எத்தனையோ பேரைக் கேட்டேன், ஒரு வண்டிக்காரரைக் கேட்கவில்லை.

நம் பக்கத்து வண்டிக்காரர்களின் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எதிரே ஒற்றை விளக்கு வந்தால் அது சைக்கிளோ மோட்டார் சைக்கிளோதான், தடத்தை விட்டு இறங்க மாட்டார்கள், வருகிறவன்தான் ஓரமாகப் போக வேண்டும். இரட்டை விளக்குத் தெரிந்தால் பஸ், அரை பர்லாங்கு இருக்கும்போதே முழு வண்டியையும் ரோட்டை விட்டு இறக்கிவிடுவார்கள். இறக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நானே பத்திரிகைக்கு எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். புது விளக்குப் போட்ட பிறகு மணியன் ஒருநாள் சாப்பிடும்போது, "இப்பெல்லாம் வண்டிக்காரங்க என்னைக் கண்டா மொதலாளியக் கண்டாப்பல ஒதுங்கறாங்கப்பா" என்றான். உன் அம்மாவுக்குப் பூரிப்பு, மருமகனைப் பெற்ற பலன் என்று உன் வீட்டுக்காரரைப் புகழ்ந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் ஒதுங்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

இம்மாதம் பதினான்காம் தேதி திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி சுமாருக்குச் சடையன் பன்னிரண்டு மூட்டை நிலக்கடலையோடு திருச்செங்கோட்டு மண்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏரிக்கரை மேலே ரோடு வளைகிற இடத்தில் எதிரே விளக்குகளைக் கண்டதும் மாட்டை இடப்பக்கம் ஒடித்தார். மழையில் கரை ஓரம் இளகியிருந்தது, சக்கரம் இறங்கி வண்டி உருண்டது, மூட்டைகளுக்கு அடியில் இடுப்பு மாட்டிக்கொண்டது. மணியன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கரைக்குக் கீழே மாடு கத்துவது கேட்டு நின்றான். ஊருக்குள் ஓடி ஆட்களைக் கூட்டிவந்து மூட்டைகளை நீக்கி, வேறொரு வண்டியில் ஏற்றி, பிறகு லாரி பிடித்துச் சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தது அவன்தான். வழியெல்லாம் சடையன் கேட்டதாக அவன் சொன்னது இது: "பஸ்ஸு வருதேன்னு ஒதுங்குனனுங்க. நிக்காமயே போயிருச்சுங்களா அந்தப் பஸ்ஸு?" அவரைப் பொறுத்தவரை பஸ் ஒன்று தன்னைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு புண்ணியவான் காப்பாற்றினான். அத்தாயி ஆஸ்பத்திரி வாசலில் மணியன் காலில் விழுந்து, "நீங்க மட்டும் அந்தப் பக்கம் வரலீன்னா எஞ்சாமி அங்கியே கெடந்து செத்துப்போயிருக்குமுங்க" என்றாளாம். அவன் வாயைத் திறக்கவில்லை. அன்று திறந்திருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

அன்று மாலை நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன், மல்லசமுத்திரம் ஏரிக்கரையில் வண்டி கவிழ்ந்தது, நிற்காமல் சென்ற பஸ்ஸைப் போலீசார் தேடுகிறார்கள் என்று. காயம்பட்டவர் வாய்மொழி ஒன்று, போலீஸ் ஒன்று, ஆக இரண்டு ஆதாரம் இருந்தது. முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான் அனுப்பி வருகிறேன். பதினாறாம் தேதி புதன்கிழமை அச்சாகி வந்தது. மணியன் அதை முழுவதும் படித்துவிட்டு மடித்து வைத்தான், "பஸ்ஸு எதும் வரலீங்கப்பா. நாந்தான் வந்தேன்" என்றான். அதற்குள் செவ்வாய்க்கிழமையே அம்மாசியைப் பிடித்துவிட்டார்கள், அந்த நேரத்தில் அந்த ரோட்டில் போகிற பஸ் அவருடையது ஒன்றுதான். "நான் தாண்டறப்பக் கரைமேல ஒரு வண்டியும் இல்லீங்க" என்று அவர் சொன்னது உண்மை, அவர் முன்னாலேயே தாண்டிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஜாமீனில் வந்தார். பஸ்ஸைத் திருச்செங்கோடு ஸ்டேஷன் முன்னால் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

உடனே ஏன் போய்ச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சடையன் தேறி வருகிறார் என்று டாக்டர் சொன்னார், முதலில் அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிறகு போலீசுக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு தரம் போனேன். ஞாயிற்றுக்கிழமை போனபோது அவர் தலையைத் தூக்கி, "பேப்பர்ல எம்பேரு போட்டிருக்கீங்களாமா, படிங்க சாமி, கேக்கறேன்" என்றார். பத்திரிகை என் பையில் இருந்தது. படித்தேன் அம்மிணி. பொய் என்று தெரிந்த பிறகு, என் வாயால், அவர் முகத்துக்கு நேரே, பஸ் என்ற வார்த்தை உட்பட முழுவதும் படித்தேன். "பாத்தியா புள்ள, எம்பேரு அச்சுல வந்துருச்சு, கடலை மண்டிக்காரரு இனி என்னை நிக்க வெச்சுப் பேச மாட்டாரு" என்று பெண்டாட்டியிடம் சிரித்தார். பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போன காரியத்தைச் சொல்லாமலே திரும்பினேன். செவ்வாய் இரவு காய்ச்சல் கண்டது, நேற்றுப் போய்விட்டார்.

இன்று காலை அம்மாசியின் தம்பி வந்து, நேற்றுச் சாயங்காலம் அண்ணனை மறுபடி பிடித்துப் போய்விட்டார்கள், ஆள் இறந்துவிட்டதால் கேஸ் பெரிதாகிவிட்டது, உங்களுக்குப் பெரிய மனிதர்களைத் தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னிடமே கேட்டான். அப்போதே கிளம்பி ஸ்டேஷனுக்குப் போய் சப்-இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஏனுங்க பெரியவரே, செத்தவரு கைநாட்டு வெச்ச வாக்குமூலத்துல பஸ்ஸுன்னு இருக்குது, உங்க பேப்பர்லயும் பஸ்ஸுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, இப்ப வந்து வெளக்குங்கறீங்க, பஸ்ஸுக்காரரு எழுதிக் குடுத்ததப் படிக்கறீங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். விசாரணையில் வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தால் படமும் குறிப்பும் இருந்த நாலு தாளும் இல்லை. உன் அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள். மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னாள். "செத்தவரு திரும்பி வரப்போறாருங்களா? ஊட்ல ஒண்ணே ஒண்ணு கெடக்குது, அதையும் கொண்டுபோய் உள்ள தள்ளிப்போட்டு ஆருக்குச் சோறாக்கறதுங்க நானு?" என்று கேட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மாசி வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மணியன் விளக்குகளைக் கழற்றிவிட்டான், எங்கே போட்டான் என்று சொல்லவில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறான். விளக்கு வைத்தது குற்றமில்லை, சொல்லாமல் இருந்ததைத்தான் கேட்பார்கள், வேலை போகும், வேறு என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்று வக்கீல் சொல்கிறார். சின்னண்ணன் சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் எங்கே பொருத்தினார் என்பதைத்தான் அவர் சொல்ல முடியும், வண்டிகள் ஒதுங்கியதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அந்த விஷயம் மணியன் கையெழுத்தில் இருப்பது ஒரே இடத்தில். தீபாவளிக்கு முன் மணியன் உனக்கு எழுதிய கடிதத்தில், வண்டிக்காரர்கள் பஸ் என்று நினைத்து வழிவிடுகிறார்கள், வேடிக்கையாக இருக்கிறது என்று எழுதியிருந்ததாக நீ குறிப்பிட்டிருந்தாய். அவனுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அது அவன் கையெழுத்தில் உள்ள அத்தாட்சி. அம்மாசியை விடுவிக்கும், உன் தம்பியை மாட்டிவைக்கும். அதை அனுப்பு என்று உன்னிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கிழித்துவிடாதே என்று மட்டும் கேட்கிறேன். உன் அம்மா தனியாக உனக்கு எழுதச் சொல்லி அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள், அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எங்கள் இரண்டு பேர் கடிதமும் ஒரே கப்பலில் வந்து சேரும், அதற்குள் முதல் விசாரணை முடிந்திருக்கும், கேஸ் முடிந்திருக்காது. நீயே யோசி, மாப்பிள்ளையிடமும் கேள்.

குழந்தை மழையில் நனையாமல் பார்த்துக்கொள். நீ தீர்க்காயுசாய், பிறந்த வீட்டுக் கஷ்டம் உன் வாசலுக்கு வராமல் இருக்கும்படி ஆசீர்வாதம். இனித் தெரிய வேண்டியது இரண்டு. விசாரணை வரும் திங்கட்கிழமை இருபத்தெட்டாம் தேதி காலை பதினோரு மணிக்குத் திருச்செங்கோடு மாஜிஸ்திரேட் முன்னால். நான் சொல்வதை ஏற்பார்களா என்பது அன்று தெரியும். என்னோடு வருகிறாயா என்று மணியனைக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் சொல்வதாகச் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். இன்று வியாழன்.

உன் அப்பா,
அர்த்தநாரி