நீலத் தோங்

ஞாயிறு இரவு. பண்டார் தெங்காரா, மகன் வீடு.

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. மருமகள் கொல்லைப்புறத்து நீலத் தோங்கிலிருந்து, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பீப்பாயிலிருந்து, மழைத்தண்ணீர் மொண்டு வந்து தேத்தண்ணி போட்டாள். தோங்கைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. எஸ்டேட்டில் களையைக் கொல்லத் தெளிக்கும் புல்லு மருந்து வந்த தோங் அது. காலியானதும் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி எங்கள் கூலி லயத்தில் வீட்டுக்கொன்று கொடுத்தான். "சாம்பல் போட்டுக் கழுவு புள்ள, ஆயுசுக்கும் தண்ணி புடிக்கலாம்" என்றான். அவன் வீட்டுக்கு மட்டும் குழாய் இருந்தது. அன்று அவன் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது.

என் புருஷன், பக்கத்து வீட்டு மாரியாயி, அவள் மகன் என்று எங்கள் வரிசையே கிட்னி போய்ச் செத்தது. கிராணி இன்னும் குளுவாங் சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுகிறான்.

தோங்கை உதைத்துக் கவிழ்த்தேன்.

"என்ன அத்தை, நல்ல தண்ணிலா!" என்று மருமகள் கத்தினாள்.

"எஸ்டேட்ட விட்டு வரும்போதே இத வீசச் சொன்னேனே! எத்தனை நாளா குடிக்கிறீங்க?"

"குழாய் நிக்கிறப்பல்லாம் இதான்மா" என்றான் மகன். "இதக் குடிச்சு வளந்தவன்தானே நான்? எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான்.

வார் இருந்த இடத்தில் பாதம் பள்ளமாக இருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

அவன் அப்பாவுக்கும் முதலில் கால்தான் வீங்கியது.

பேத்தி என் பக்கத்தில் தூங்குகிறாள். அவள் காலைத் தொட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.