ஜின் கொடுத்த வரமும் நான் வைத்த குறையும்

பாய்,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் தோல் வாசனை. உங்கள் டேனரியில் மிஞ்சிய துண்டுத் தோலில் நீங்களே தைத்துக் கொடுத்த பகடைப் பை! தோல் பதனிடக் கடுக்காய் வாங்க எங்கள் மலையூர் நெல்லிவாசல்நாட்டுக்கு வருவீர்கள். மழை பிடித்துக்கொள்ளும். உங்களை ஏற்றிவந்த என் ஜீப்புக்குள்ளேயே ஆட்டத்தைப் பரப்புவீர்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் அந்தக் கதைக்குள் வீரனாகப் புகுந்து, பகடை விழுகிறபடி பிழைக்கிற, சாகிற ஆட்டம். பத்தாவதில் இரண்டு முறை கோட்டடித்த எனக்கே அதைப் புரிய வைத்தீர்களே, அதுவே பெரிய மந்திரம்.

ஒருநாள் கதையில் என் வீரனுக்கு ஒரு ஜின் வரம் கொடுத்தது. வரத்தோடு ஒரு குறையும் வரும் என்று எச்சரித்தீர்கள். நான் கேட்பேனா? "எந்த ஆயுதமும் என்னைத் தொடக் கூடாது!" என்றேன், மீசையை முறுக்கி.

"குடுத்தாச்சு" என்றீர்கள். அடுத்த நொடி என் வாளே கையில் நிற்காமல் நழுவி விழுந்தது. அதுவும் ஆயுதம்தானே! எதிரே அரக்கன் வேறு.

"பாய், உலக்கை ஆயுதமா?"

"இன்னாபா கேக்கற?"

"சாமை குத்தறதுதானே அது? ஆயுதமா, இல்லியா, சொல்லுங்க!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் ஜீப்பே ஆடியது. அரக்கனை உலக்கையாலேயே சாத்தினேன். "கொறை வெக்கறது ஆளை முடிக்கறதுக்கு இல்லபா, வேற மாதிரி ஆட வெக்கறதுக்கு" என்றீர்கள்.

கேட்டேன், மறந்தும் போனேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது வீட்டில் கதை சொல்வது நான். ஆடுவது என் மகளும் அவள் தோழிகள் இரண்டு பேரும். போன ஞாயிறு கதைக்குள் மகள் ஆடிய வைத்தியச்சி, "என் கண்ணுல படற காயமெல்லாம் ஆறணும்" என்று வரம் கேட்டாள். நான் பெரிய புத்திசாலி ஆயிற்றே! ஆறுகிற காயமெல்லாம் அவள் உடம்புக்கு வந்துவிடும் என்றேன். இரண்டே சுற்றில் வைத்தியச்சி காலி.

மகள் பகடையை வைத்துவிட்டு எழுந்தாள். "நீ ஜெயிக்கறதுக்குத்தான் ஆடற பா. நான் இனிமே வரல."

வாரம் முழுக்க ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தோழிகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருந்த ஒரே ஆட்டத்தையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

இன்று பையைப் பார்த்ததும் குறையைப் பற்றி நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது; அதோடு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். "ஜின்னு தப்பு பண்ணிடுச்சும்மா. வைத்தியச்சி சாகல. வரத்தை மாத்திக் குடுக்குதாம்."

"தப்பு பண்ணது ஜின்னா, நீயா?"

"ரெண்டும் ஒரே கழுதைதான்."

சிரிக்கவில்லை. ஆனால் தோழிகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணுல படற எல்லாக் காயமும் ஆறும்" என்றேன். "எதிரியோட காயமும்."

தோழிகள் வெட்ட வெட்ட, எதிரியான பேயரசனின் காயம் இவள் பார்வை பட்டு ஆறிக்கொண்டே இருந்தது. "அங்க பாக்காதடி!" என்று அலறினார்கள். மகள் துள்ளி எழுந்து துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டாள். நிஜமாகவே, பாய்! "இப்போ அடிங்கடி!" தோழிக்கு அடிபட்டால் மட்டும் கட்டை விலக்கி அவள் பக்கம் பார்ப்பாள். பேயரசனாக ஆடியது நான், தோற்றதும் நான், எழுந்து நின்று கைதட்டியதும் நான்தான்.

"அடுத்த வாரம் கொறையே இல்லாம வரம் குடுக்கட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அப்படிக் குடுத்தன்னா நான் வரமாட்டேன் பா."

அடுத்த குறையை இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அதை அவள் எப்படி உடைக்கப் போகிறாள் என்று பார்க்க மனசு பரபரக்கிறது. அன்று என் எதிரே உட்கார்ந்து நீங்களும் இப்படித்தான் காத்திருந்தீர்களா, பாய்?