கடலில் ஏற்படாத காயம்

அனுப்புநர்
ம. சுபிதா (வயது 26),
த/பெ. மத்தியாஸ்,
கிழக்குத் தெரு, அந்திரேயார்துறை,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: 18.06.2025 அன்று அந்திரேயார்துறை சாலை மறியலில் காவல்துறை சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டால் என் தந்தை வலது கண்ணை இழந்தது – மருத்துவமனையில் நான் தவறாகச் சொன்ன காரணத்தைத் திருத்தவும், வழக்குப் பதிந்து விசாரிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. விபத்துப் பதிவேட்டின் நகல், நாள் 18.06.2025.
2. காவல் நிலையத்தில் 04.08.2025 அன்று நான் கொடுத்த புகாருக்கு வந்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. குறையைச் சொல்லும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தந்தைக்குக் காயம் ஏற்பட்ட விதம் பற்றி அரசு மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பது பொய். அதைச் சொன்னவள் நான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

2. எங்கள் ஊரில் கடலரிப்பால் இதுவரை பதினொரு வீடுகள் போய்விட்டன. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்துத் தரும்படி ஆறு ஆண்டுகளாக மனு கொடுத்து வருகிறோம். பதினொன்றாவது வீடு விழுந்த மறுநாள், புதன்கிழமை காலை, ஊர் மக்கள் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தார்கள். கம்போ கல்லோ யார் கையிலும் இல்லை. விழுந்த வீட்டின் கதவைத் தூக்கி வந்து சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். என் தந்தை அந்தக் கதவின்மேல் உட்கார்ந்திருந்தார்.

3. பதினொன்றரை மணி அளவில் முதல் புகைக் குண்டு விழுந்தது. கலைந்துபோகச் சொல்லி முன்னதாக எச்சரித்ததாகக் காவல்துறை கூறுகிறது. எங்களில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. மக்கள் எழுந்து கோயில் பக்கம் ஓடினார்கள். கதவில் கால் தடுக்கி விழுந்த இரண்டு பெண்களைத் தூக்கிவிட என் தந்தை குனிந்தார். நிமிர்ந்தபோது இரண்டாவது குண்டு அவர் வலது கண்ணில் பட்டது. அது மேலே போய் இறங்கி வந்த குண்டு அல்ல. நேராக வந்தது. சுட்டவர் நின்ற இடத்துக்கும் கதவுக்கும் இடையே முப்பது காலடி தூரம் என்று எங்கள் தேவாலயப் பங்குப் பேரவைத் துணைத் தலைவர் சிலுவைதாசன் நடந்து அளந்து வைத்திருக்கிறார். குண்டின் கூடும் அவரிடமே இருக்கிறது.

4. மீன் ஏற்றும் வண்டியில் தந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எப்படி அடிபட்டது என்று பணியில் இருந்த மருத்துவர் கேட்டார். எங்கள் கரையில் எந்தக் காயத்துக்கும் ஒரே பதில்தான் உண்டு. குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டாலும், அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும், “கடல்ல வச்சு” என்பார்கள். அப்படிச் சொன்னால் போலீஸ் வராது. நானும் அதையே சொன்னேன். கடலில் வைத்துத் தூண்டில் ஈயக்குண்டு தெறித்தது என்றேன். மருத்துவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

5. என் தம்பி ஜெனினின் பாஸ்போர்ட்டுக்குக் காவல்துறை விசாரணை அப்போது பாக்கி இருந்தது. தந்தைமேல் வழக்கு வந்தால் அவன் பயணம் நின்றுவிடும் என்று பயந்தேன். நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பதிவேட்டில் ஏறும் ஒரு வரி பின்னால் என்னவெல்லாம் செய்யும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் சொன்னேன். ஜெனின் கத்தார் போய்விட்டான். அந்தப் பொய்யால் நடந்த ஒரே காரியம் அதுதான். அங்கிருந்து போன் செய்கிறான். அப்பாவின் கண்ணைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

6. ஆகஸ்டில் புகார் கொடுத்தேன். ‘விபத்துப் பதிவேட்டின்படி காயம் கடலில் ஏற்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று நான்கு வரியில் பதில் வந்தது. ஒன்றை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஜூன் 18 அன்று கடல் சீற்றம். யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை அன்று காலை ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டு, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது. எங்கள் துறையிலிருந்து ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை. போகாத கடலில் ஒருவருக்கு எப்படிக் காயம் பட்டது என்று புகாரை முடித்து வைத்தவர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். என் பொய் அவருக்கு வசதியாக இருந்தது.

7. அதன்பின் நல்லெண்ணத்தோடு சிலர் யோசனை சொன்னார்கள். மத்தியாஸ் போராட்டத்தில் இல்லை, மருந்து வாங்க அந்த வழியாகப் போனார் என்று எழுதிக் கொடுத்தால் நிவாரணத்துக்குச் சிபாரிசு செய்யலாமாம். அதை நான் எழுத மாட்டேன். என் தந்தை வழிப்போக்கர் அல்ல. போராட்டத்துக்கு என்றே போய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு அவருக்குக் கொடுத்திருக்கிறது. மறியல் குற்றம் என்றால் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கலாம். சாலையில் உட்கார்ந்ததற்குக் கண்ணை எடுக்கும் தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது கொடுங்காயம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதைச் செய்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் அது வேறு பெயர் பெறாது.

8. தந்தைக்கு இப்போது தூரம் பிடிபடுவதில்லை. வள்ளத்திலிருந்து எறியும் கயிற்றுக்குக் கை நீட்டுகிறார். கயிறு அரை அடி தள்ளி விழுகிறது. மூன்று முறை அப்படி ஆனபின் அவரை யாரும் தொழிலுக்குக் கூப்பிடுவதில்லை. அன்று அவர் போட்டிருந்த சட்டையை அம்மா துவைத்துவிட்டார். ரத்தக் கறையோடு ஒரு துணியை வீட்டில் வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. அது சாட்சியம் என்று நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எனவே தாங்கள்,

அ) காயத்தின் காரணம் பற்றிய என் பிரமாண வாக்குமூலத்தைப் பெற்று, மருத்துவமனைப் பதிவேட்டுடன் சேர்க்க உத்தரவிடவும்;

ஆ) என் புகாரின்மேல் முதல் தகவல் அறிக்கை பதிந்து, சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தைச் சேராத அதிகாரி ஒருவரைக் கொண்டு, சுடச் சொன்னவர் யார், சுட்டவர் யார், ஏன் நேராகச் சுட்டார் என்று விசாரிக்கவும்;

இ) தந்தையின் தொடர் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் வழி செய்யவும்

வேண்டுகிறேன். மருத்துவரிடம் பொய் சொன்னதற்கு என்மேல் நடவடிக்கை உண்டென்றால் அழைப்பு அனுப்புங்கள், வந்து நிற்கிறேன். என் பொய்க்கு விசாரணை உண்டென்றால் அந்தக் குண்டுக்கும் விசாரணை வேண்டும்.

மருத்துவமனையில் நான் சொன்னபோது தந்தைக்கு நினைவு தெளிவாக இல்லை. காவல் நிலையத்தின் பதிலை வீட்டில் வாசித்துக் காட்டியபோதுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. “கடலு எனக்க கண்ண எடுக்கல்ல மக்கா. அதுக்க மேல என்னத்துக்குப் பழியப் போட்ட?” என்று மட்டும் கேட்டார். முப்பத்தைந்து வருடம் கடலில் தொழில் செய்தவர் அவர். பதிவேட்டில் அந்த வரி திருத்தப்படும் நாளில்தான் என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியும்.

இடம்: அந்திரேயார்துறை
நாள்: 10.11.2025

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ம. சுபிதா

மேலே எழுதியதை மகள் வாசிக்கக் கேட்டேன். நான் கதவின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.
(ஒப்பம்) மத்தியாஸ்

இணைப்பு: விபத்துப் பதிவேட்டின் நகல்; காவல் நிலையத்தின் பதில்; 18.06.2025 கடல் எச்சரிக்கை அறிவிப்பு. குண்டுக் கூட்டின் புகைப்படம். கண் மருத்துவரின் சான்று.