வீட்டை இழுத்துக்கொண்டு வருகிறேன்

சால்மன், ஐடஹோ
செப்டம்பர் 20

அன்புள்ள டெல்லுக்கு,

வெர்லீன் எழுதுவது. இங்கே நானும் டிரக்கும் நம் இழுவை வீடும் சௌக்கியம். பக்கவாதத்தோடு நீ படுத்திருக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து நயோமி உன் சௌக்கியத்தைத் தினமும் போனில் சொல்கிறாள். உன்னோடு நேராகப் பேசலாம் என்றால், வார்த்தை வராத கோபத்தில் நீ போனைத் தூக்கிக் கட்டிலில் எறிகிறாயாம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த நயோமி முன்னால் இப்படியா நடந்துகொள்வது? அவள்தான் யோசனை சொன்னாள், "கடிதமா எழுதுங்க, நான் வாசிச்சுக் காட்டுறேன். அவருக்கு எல்லாம் நல்லாப் புரியுது, சொல்லத்தான் முடியல" என்று. நயோமி, நீ நல்லா இருக்கணும். திட்டு வரும் இடங்களில் குரலைக் குறைக்காமல் வாசி.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இழுவை வீடுகள் நிற்கும் இந்த முகாமை அக்டோபர் ஐந்தாம் தேதி மூடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் நின்றுவிடும். அப்புறம் யாரும் இங்கே இருக்க முடியாது. ராண்டல், "யாரையாவது வச்சு வண்டிய ஒரு கொட்டகைல போட்டுடலாம்மா. நீயும் அப்பாவும் ஸ்போக்கேனுக்கு வந்து எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல இருங்க" என்கிறான். நம் பிள்ளை தங்கமானவன்தான். ஆனால் அந்தக் கீழ்த்தளத்தில் ஜன்னல் என் தலைக்கு மேலே இருக்கிறது. எட்டிப் பார்த்தால் அவன் புல்வெட்டும் இயந்திரத்தின் சக்கரம்தான் தெரியும். நானே வீட்டை இழுத்துக்கொண்டு நீ இருக்கும் மிசூலாவுக்கு வந்துவிடுகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

ஒன்பது வருஷமாக இதில்தான் குடியிருக்கிறோம். டிரக்கை மட்டும் கழற்றிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறேனே தவிர, பதினைந்தாயிரம் பவுண்டு வீட்டை அதன் முதுகில் மாட்டி ஒரு மைல்கூட ஓட்டியதில்லை. நீ விட்டால்தானே! "அடுத்த தடவை நீ ஓட்டு" என்று ஒன்பது வருஷம் சொன்னாய், மகாராஜா.

டீசல் ஃபில்டர் இரண்டையும் நானே மாற்றினேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் நீ பென்சிலால் எழுதிவைத்த மைல் கணக்குப்படி, போன மாசமே மாற்றியிருக்க வேண்டியது. அடியிலிருந்த தண்ணீரை வடித்து, புதிசு போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஐந்தாறு தடவை திருப்பி டீசலை ஏற்றி, அப்புறம்தான் கிளப்பினேன். தலைமுடியில் இரண்டு நாளாக டீசல் வாசனை. டிரக்கின் பின்பக்கத்து நாலு டயரில் உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டை நீ ஒரு கட்டையால் தட்டி, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாய் இல்லையா? நான் தரையில் படுத்துக் கையை விட்டுக் காற்றழுத்த மானி வைத்துப் பார்த்தேன். அறுபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது! எத்தனை மலையை இந்தக் காற்றோடு ஏறி இறங்கினோம் என்று நினைத்தால் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இதை இரண்டு தடவை வாசி, நயோமி.

ஏழாம் இடத்து மேவிஸை உனக்கு ஞாபகம் இருக்கும். தனியாளாகத் தன் வண்டியை இழுத்துக்கொண்டு திரிகிறவள், வாய் நீளம். சந்தைத் திடலில் ஆளில்லாத நேரம் பார்த்து என்னைப் பழக்குகிறாள். பிளாஸ்டிக் வாளிகளை வரிசையாக வைத்து, "அவசரப்பட்டுத் திருப்பாதடி, நீ போறது முயல் இல்ல, யானை!" என்று கத்துகிறாள். முதல் நாள் நாலு வாளி நசுங்கியது. நேற்று ஒன்றுதான்.

ஓட்ஸ் கஞ்சியைத் தள்ளிவிடுகிறாயாம். ஒழுங்காகச் சாப்பிடு. ஹக்கிள்பெரி ஜாம் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
வெர்லீன்

*

சால்மன்
செப்டம்பர் 27

அன்புள்ள டெல்,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். வீட்டை டிரக்கின் மேல் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை. திடலுக்குக் கொண்டுபோவதற்காக மாட்டிக்கொண்டிருந்தேன். வண்டி மாட்டுகிறவரிடம் நம் ஆட்கள் யாராவது வாய் கொடுப்பார்களா? உயிர் நண்பனாக இருந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போவான். அன்றைக்கும் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். ஆனால் போன் என் பையிலேயே இருந்தது. டிரக்கைப் பின்னால் கொண்டுபோய், வீட்டின் கழுத்திலிருக்கும் இரும்பு முளையை டிரக்கின் பூட்டுத் தாடைக்குள் விட்டு, இறங்கி வயரைச் சொருகிக்கொண்டிருந்தபோது ராண்டல் கூப்பிட்டான். உனக்கு என்னவோ என்று பயந்து எடுத்துவிட்டேன்.

அவன், "அம்மா, அப்பா சம்மதிச்சுட்டார். வண்டி ரெண்டையும் வித்துடலாமான்னு கேட்டேன், தலைய ஆட்டிட்டார். வாங்குற ஆளு அடுத்த சனிக்கிழமை மிசூலா வர்றாரு" என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாரைக் கேட்டுக் கேட்டாய் என்று அவனிடம் கத்தினேன். போனைப் பையில் திணித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாக நினைத்துக்கொண்டு வீட்டைத் தாங்கி நிற்கும் முன்கால்களை மேலே தூக்கிவிட்டேன். இழுத்துப் பார்க்கவே இல்லை, டெல். டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை ஒரு சாண் முன்னால் இழுத்திருந்தால், தாடை பூட்டியிருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்திருக்கும். முளை கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, தாடை மூடவே இல்லை. கியரைப் போட்டு நகர்ந்தேன். வீடு அப்படியே சரிந்து டிரக்கின் பின்பெட்டி மேல் படுத்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. உள்ளே உன் அம்மா கொடுத்த சூப் கிண்ணமும் போச்சு.

இறங்கி வந்து பார்த்து, அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். முகாம் முழுக்க வெளியே வந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை. மேவிஸ்தான் வந்தாள். முன்கால்களை மறுபடி இறக்கிக் கழுத்தை மேலே தூக்கினாள், டிரக்கை நான் வெளியே எடுத்தேன். பெட்டியின் இரண்டு பக்கச் சுவரும் உள்ளங்கை ஆழத்துக்கு நசுங்கியிருக்கிறது. அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் டிரக்கில் ஓரமாகத் தொங்கும் ரப்பர் பாயைத் தூக்கிக் காட்டினாள். அதே நசுங்கல்! "பதினோரு வருஷமா மூடி வச்சிருக்கேன். எவன்கிட்டயும் சொல்லிடாத, கொன்னுடுவேன்" என்றாள். நான் எங்கே சொல்ல? அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து அவரவர் டிரக்கைக் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் சர்ச்சில் பாதிரியாராக இருந்தவர். ஊரிலிருந்து வெல்டிங்காரர் வந்து முளையையும் தாடையையும் சோதித்துவிட்டு, "தகரத்துக்குத்தான் அடி, இழுக்கறதுக்கு ஒண்ணும் ஆகல" என்று சொன்னார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஏன் தலையை ஆட்டினாய்?

ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அது உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டை விற்கச் சொல்லி அவர் சொல்லவில்லையே! நீ வாய் திறந்து பேச முடியாமல் இருக்கும்போது உன் தலையாட்டல்தான் எனக்கு உன் பேச்சு. அதை மீறி நடக்க எனக்கு மனசில்லை. இந்த வீடு வேண்டாம் என்று நீ சொன்னால் நானே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீ அலுத்துப்போய் ஆட்டினாயா, எனக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று ஆட்டினாயா, நிஜமாகவே இந்த வாழ்க்கை போதும் என்று ஆட்டினாயா? ராண்டலுக்கு இது தெரியாது. எனக்கு உன் முகத்தைப் பார்த்தால் தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு. அதுவரை யார் என்ன கேட்டாலும் தலையைக் கல் மாதிரி வைத்துக்கொள்.

இரண்டு நாள் சாவியையே தொடவில்லை, பயம். இன்று காலை போனை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் போய் மாட்டினேன். குனிந்து டார்ச் அடித்துத் தாடையைப் பார்த்தேன், இழுத்தும் பார்த்தேன். பூட்டியிருந்தது.

உன்,
வெர்லீன்

*

டார்பி, மோன்டானா
அக்டோபர் 1, வியாழன்

என் அன்பு டெல்,

கடிதத்தின் மேலே ஊர்ப் பெயரைப் பார். தாண்டிவிட்டேன்! மலைக் கணவாய்க்கு இந்தப் பக்கம், டார்பியில் ஆற்றோரம் நிறுத்திவிட்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் நயோமி பொறுத்துக்கொள்ள வேண்டும். மேவிஸ் எனக்கு முன்னால் போகிறாள், இன்று மாலையே இதை உன்னிடம் சேர்த்துவிடுவாள்.

காலையில் நான் மாட்டும்போது அவள் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நின்றாள். வழியனுப்ப வந்த பாதிரியாரைக்கூட, "அப்புறம் ஆசீர்வாதம் பண்ணலாம், தள்ளிப் போங்க!" என்று விரட்டிவிட்டாள். நான் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவளே, "போதும்டி, அதுக்கே அலுத்துப்போச்சு" என்றாள்.

ஏற்றத்தில் முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் ஒரு மரலாரி வந்து முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒதுங்கும் இடம் வந்ததும் ஓரம்கட்டிப் போகவிட்டேன், அந்த ஆள் கையைத் தூக்கிவிட்டுப் போனான். நீயாக இருந்தால் விட்டிருக்க மாட்டாய். உச்சியில் நிறுத்தி, எல்லாச் சக்கரத்தின் நடுவிலும் சூடு பார்த்தேன். ஒன்றுபோல இருந்தது.

பயந்தது இறக்கத்துக்குத்தான். தொடங்கும் முன்னாலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டே மொத்தப் பாரத்தையும் பிடித்து நிறுத்தியது. பிரேக் மிதியைத் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் ஏறும்போது மட்டும் அழுத்தமாக ஒரு மிதி, உடனே விடுவது. இதை நீ செய்வதை ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னல் போட்டுக்கொண்டே பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் என் காலுக்குள் போயிருக்கிறது. கருகல் வாசனையே வரவில்லை. சமதரைக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன், அழுதேன், உன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

ராண்டலோடும் பேசிவிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன், "நீ மலைல தனியா மாட்டிக்கிட்டா என்னம்மா பண்றதுன்னுதான் பயந்தேன்" என்று சொன்னான். சனிக்கிழமை அவனும் வருகிறான். வாங்க வருகிற ஆளுக்கு என்ன பதில் சொல்வது என்பதை அவன் நம் இருவரிடமும் விட்டுவிட்டான்.

நாளைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். உன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி ஆற்றோரத்து முகாமில் பன்னிரண்டாம் இடத்தைப் பிடித்திருக்கிறேன். குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கும். வாசற்படிக்குக் கைப்பிடி அடித்தாகிவிட்டது. ஆனால் அந்த இடம் முன்னால் போய் நிறுத்துகிற இடம் இல்லை, பின்னால் தள்ளித்தான் விடணும். ஒரு பக்கம் பருத்த மரம், மறுபக்கம் மின்கம்பம். கண்ணாடியில் பார்த்து அதை விட எனக்கு வராது. திடலில் எல்லாம் பழகினேன், இது மட்டும் வரவே இல்லை.

இத்தனை வருஷம் நீ வண்டிக்குள் இருந்தாய். நான் மழையிலும் புழுதியிலும் பின்னால் நின்று வா, வா, இடம், வலம், நில் என்று கை காட்டினேன். நாம் சண்டை போட்டதில் பாதி அந்தக் கைகாட்டலில்தான். நாளை நான் உள்ளே இருப்பேன். நீ வெளியே இருக்கணும். பதினோரு மணிக்கு உன்னைச் சக்கர நாற்காலியில் அழைத்து வர நயோமி அனுமதி வாங்கிவிட்டாள். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உன் இடது கை நன்றாக இருக்கிறது, அது போதும். எல்லாம் முடிந்து எஞ்சினை நிறுத்திய பிறகு, விற்கலாமா வேண்டாமா என்று நானே கேட்கிறேன். அப்போது எந்தப் பக்கம் தலையை ஆட்டினாலும் சரி, கேட்டுக்கொள்கிறேன்.

ராத்திரி மாத்திரையைத் துப்பாமல் விழுங்கு. நன்றாகத் தூங்கி எழுந்து, சட்டைக்கு மேல் அந்தத் தடித்த கோட்டைப் போட்டுக்கொள், ஆற்றங்கரையில் காற்று அடிக்கும். கடவுள் உன் கூடவே இருக்கட்டும்.

நீ வரும்வரை பின்கியர் போட மாட்டேன், டெல். தெருவை அடைத்துக்கொண்டு அப்படியே நிற்பேன். யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். கண்ணாடியில் உன் கை தெரிந்தால்தான் நகருவேன்.

உன்னுடைய,
வெர்லீன்