குண்டனை ஓநாயாக்கிய கதை

அன்பு மகனுக்கு,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காபிக்குப் பிறகு, நம் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கிடந்த கால்மிதியை மொட்டைமாடிக்கு மாற்றுவதென்று உன் அப்பா தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று. சபைத் தலைவரும் அவரே என்பதால் தீர்மானம் நிறைவேறியது. அந்தக் கால்மிதியில்தான் நீ விட்டுப்போன நாய் குண்டன் படுப்பான். மற்றபடி நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம், நீயும் சுகமாக இரு, இதைப் படித்து முடிக்க அது தேவைப்படும்.

ரிட்டயர் ஆன மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று நீ அனுப்பிய நாவல்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பனிக்காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட வீட்டு நாய் ஒன்று பட்டினி கிடந்து, ஓநாய்களோடு மல்லுக்கட்டி, பிழைத்துக்கொள்ளும் கதை. நல்ல நாவல்தான். நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அவர்களில் ஒருவரும் வீட்டுக்குப் போய் நாயைப் பட்டினி போடவில்லை. உன் அப்பா இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தவர், அச்சில் வந்ததையெல்லாம் விதிமுறையாகவே படித்துப் பழகியவர். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிகிற குண்டனை மழையில் மாடியில் நிறுத்தினார். எதுக்குங்க இது என்று கேட்டேன். பசியும் குளிரும் பட்டாதான் உள்ள இருக்கிற ஓநாய் முழிச்சுக்கும் என்றார். உள்ள இருக்கிறது ஓநாய் இல்ல, நேத்து தின்ன பிஸ்கெட்டு என்றேன். உனக்கு இலக்கியம் புரியாது என்று முப்பது வருட நூலகரிடம் சொன்னார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சரி, சும்மாவாவது இருக்கும். ஏட்டு நாய் இப்படி வீட்டு நாயைக் கடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்போதாவது நீ ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம். நீ பேசியதை ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கேட்கவைத்தார். சூப்பர்ப்பா, நாமதான் செல்லம் குடுத்து அதைக் கெடுத்துட்டோம், அதோட இயல்புல விட்டுடுங்க என்றாய். நாம் என்றாயே, அந்த நாமில் நீ எந்த மூலையில் இருந்தாய்? ரெண்டே மாசம்மா, வந்து கூட்டிட்டுப் போயிடறேன் என்று விட்டுப் போனவன், நாலாவது வருடமாக வீடியோவில் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறாய். பேதி பிடித்தபோது தரையைத் துடைத்தது, ஊசி போடத் தூக்கிக்கொண்டு அலைந்தது, இடி இடித்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது எல்லாம் இயல்புக்கு விரோதம் என்று எனக்கு யாரும் அப்போது போன் செய்யவில்லை.

உன் சித்தியின் கண் ஆபரேஷனுக்கு நான் துணைக்குப் போன அன்று, உன் அப்பா அவனைக் காரில் ஏற்றி மலைச்சாலைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அவரே சொன்னார், ஒளிவுமறைவு கிடையாது, பெருமை. கதவைத் திறந்ததும் இறங்கமாட்டேன் என்று பின்சீட்டில் படுத்துக்கொண்டானாம், தள்ளி இறக்கினாராம். வண்டி பின்னாடியே ரொம்ப தூரம் ஓடி வந்துச்சு, நல்ல ஸ்டாமினா என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குச் சமைக்கிறேன், பேசுவதில்லை.

தினமும் அந்தச் சாலையில் போய்த் தேடினேன். கடைசியில் அடிவாரத்து லாரிப் பட்டறையில் இருந்தான். ஒரு லாரிக்கு அடியில், உடம்பெல்லாம் கிரீஸ், ஒரு காது கிழிந்து, பாதி எடையில். செய்தி கேட்டு உன் அப்பா, பாத்தியா, பிழைச்சுக்கிச்சுல்ல என்றார். டிரைவர்கள் போட்ட பன்னைத் தின்று பிழைத்ததை அந்த நாவலின் கணக்கில் எழுதிக்கொண்டார். பட்டறைக்காரர் நல்ல மனிதர், தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா, அது வந்தா என்றார். அவித்த முட்டை கொண்டுபோயிருந்தேன். என் கையிலிருந்து தின்றான், விரலையும் நக்கினான். பிறகு லாரிக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும். தூக்கிப் பார்த்தேன், முதல்தடவையாக உன் அம்மாவைப் பார்த்து உறுமினான். உறுமியது ஓநாய் இல்லை, ஒருதடவை காரில் ஏறி ஏமாந்த என் குண்டன்தான், அதனால்தான் விட்டுவிட்டு வந்தேன்.

கோபத்திலும் வாழ்த்தாமல் விட மனசு வரவில்லை, நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு, யாரையாவது உன்னை நம்பி இருக்கும்படி வைத்துக்கொண்டால் கூடவே இரு. அப்பாவுக்கு இனிமேல் புத்தகம் அனுப்புவதானால் முதலில் என் பெயருக்கு அனுப்பு. அவனுக்குப் பெயர் பொறித்த கழுத்துப்பட்டை ஆர்டர் செய்திருக்கிறாயாமே, நிறுத்திவிடு. பட்டறையில் அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் போகிறான்.

இப்படிக்கு,
அம்மா