எப்போ எப்போ என்று கேட்கிறவன்

சிம்பாங் ரெங்கம் தோட்டம்,
ஆவணி மாதம், 1934.

என் வீட்டுக்காரி பேச்சியம்மாளுக்கு உன் புருஷன் ஐயாசாமி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் கோழிகள், ஒழுகுகிற கூரை எல்லோரும் சுகம். அங்கே நீயும், மகள் ராஜம்மாளும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேரனும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கு இதை வாசித்துக் காட்டுகிறவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

வாசிக்கிறவர் பெயரை நான் எழுத மாட்டேன். ஏன் என்று உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மகளைக் கட்டிக் கொடுத்த அன்றைக்குப் பந்தியில் அவருடைய மீசையைப் பார்த்து, "இதென்னப்பா, எறும்பு வரிசையா போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். பந்தியே சிரித்தது. அவர் மட்டும் இலையிலிருந்து தலையைத் தூக்கி, "பெரியவரே, வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றார். அவராக வாங்க என்று கூப்பிடாமல் பத்து பாகாட் ஊரில் அவர் வீட்டு வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று நானும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். வாசிக்கிறவர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகாமல் நிறுத்தி வாசிக்கவும்.

நீ சொல்லி எழுதிய கடிதம் வந்தது. பேரனைப் பற்றிக் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் யாரோ ஒரு மலாய்க்காரக் கூடைக்காரனைப் பற்றி. சாயங்காலமானால் தலையில் கூடையோடு வந்துவிடுவானாம். ராஜம்மாள் வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோது வாசலுக்கு நேரே நின்று "எப்போ, எப்போ" என்று அக்கறையாகக் கேட்பானாம். அதுவும் நம் பாஷையில்! நீயும் "இன்னும் பத்து நாள் இருக்குப்பா" என்பாயாம், "இந்த வாரத்துக்குள்ள ஆயிரும்" என்பாயாம். அவன் சிரித்துக்கொண்டே சுடச்சுட ஒரு பலகாரத்தை எடுத்து நீட்டுவானாம். பார்க்கச் சோமாசி மாதிரியாம், ஆனால் இனிப்பு இல்லையாம், உள்ளே கிழங்கும் மீனும் வைத்து அப்படி ஒரு ருசியாம். "பெத்த தகப்பன்கூட இப்படித் தினம் தினம் வந்து கேக்க மாட்டான்" என்று வேறு எழுதச் சொல்லியிருக்கிறாய்.

அடியே, அந்தக் குத்து எனக்கா? நானும் சம்பளத்துக்குச் சம்பளம் பகோடா, பூந்தி என்று பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவன்தான். ஒரு நாளாவது நல்லா இருக்கு என்று உன் வாயில் வந்ததா? எண்ணெய் வாடை என்பாய், உப்பு தூக்கல் என்பாய், அப்புறம் பொட்டலத்தைக் காலி பண்ணிவிட்டுக் காகிதத்தை மட்டும் என்னிடம் கொடுப்பாய். அந்த வாய் இப்போது யாரோ ஒருவனுடைய பலகாரத்துக்கு இத்தனை வரி பாடுகிறது. அவனுக்கு வயது என்ன, பல் எல்லாம் இருக்கிறதா என்பதை நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் தவறாமல் தெரியப்படுத்தவும்.

வயிற்றெரிச்சல் தாங்காமல் பக்கத்து வீட்டுக் காளியப்பனிடம் சொன்னேன். அவன் மலாய்க்காரர்கள் குடியிருக்கிற கம்பத்தில் மரம் அறுத்தவன், அவர்கள் பேச்சு தெரிந்தவன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, அந்த ஆளு அத்தைய ஒண்ணுமே கேக்கல. அந்தப் பலகாரத்துக்குப் பேரே எப்போக் எப்போக். கடைசி எழுத்த முழுங்கிருவாங்க. சரக்கு பேரைக் கூவிக்கிட்டுப் போறவனுக்கு அத்தை பிரசவத் தேதி சொல்லிக்கிட்டு இருந்திருக்கு!" என்றான்.

பேச்சி, எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. தோட்டத்தில் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்டுகள் இப்போது ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் "எப்போ எப்போ" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள். நீ திரும்பி வந்ததும் உன்னையும் கேட்பார்கள், பதில் தயாராக வைத்துக்கொள்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காளியப்பனை இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு மலாய்க்கார அம்மாள் அதைத்தான் பொரித்துக்கொண்டிருந்தாள். குறை சொல்வதற்கென்றே போனவன் நான், ஒன்று வாங்கிக் கடித்தேன். உள்ளே இருந்த கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது, நாக்கு வெந்துபோனது. அந்த அம்மாள் "அலமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவள் என்னமோ சொல்லிச் சிரித்தாள். "மாமா, உங்களுக்கு வீட்ல சோறே போடுறதில்லையான்னு கேக்குது" என்றான் காளியப்பன். பெண்சாதி பத்து பாகாட்டில் பலகாரம் தின்கிறாள் என்று சொல்லு என்றேன்.

ஓரத்தைக் கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கி மூடியிருந்தாள். மேல் மாவு நொறுங்குகிறது, உள்ளே மீனும் மிளகாயும் கிழங்கோடு மசிந்து கிடக்கிறது. கருகியிருக்கிறது என்று எழுத எனக்கு ஆசைதான். கருகவில்லை. இன்னொன்றும் வாங்கித் தின்றேன். போதுமா?

அந்த இரண்டாவதைத் தின்னும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்கவில்லை, சரி. ஆனால் நீ சொல்லியிருக்கிறாயே! வலி எடுத்ததைச் சொன்னாய், ஆண் பிள்ளை என்று சொன்னாய். பிறந்து முப்பது நாள் கழிந்ததும் குழந்தையை வாசலுக்குத் தூக்கிப்போய் அவனிடம் காட்டினாயாம், அவன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலையைத் தொட்டு என்னமோ நல்ல வார்த்தை சொன்னானாம். உன் கடிதத்தில்தான் இருக்கிறது. பிள்ளைக்குக் காது என்னைப் போல வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது என்றும் இருக்கிறது. என் காது எப்படி இருக்கிறது என்று அந்தக் கூடைக்காரன் பார்த்துவிட்டான். நான் பார்க்கவில்லை. பலகாரத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும், அதை நான் மன்னித்துவிட்டேன். இது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

ராஜம்மாளுக்கு அந்தப் பலகாரத்தைக் கொடுக்காதே. பச்சை உடம்பு, கிழங்கு வாயு. அவள் தின்றால் பால் குடிக்கிற பிள்ளைக்கு மாந்தம் வரும். நீ வேண்டுமானால் தின்னு, உனக்கு ஒன்றும் ஆகாது. கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ராத்திரியில் கஞ்சி அடிப்பிடிக்காமல் காய்ச்ச நான் இன்னும் பழகவில்லை.

இதற்குக் கீழே இருப்பதைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம்.

சபாபதி மாப்பிள்ளை, பேச்சியம்மாள் தான் அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்திலும் முடிவில் "ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்று எழுதச் சொல்கிறாள். அவள் கூப்பிடுவது கணக்கில் சேராது என்று இத்தனை நாள் மடித்து வைத்துவிட்டேன். நேற்று விளக்கடியில் மறுபடி எடுத்துப் பார்த்தேன். சொன்னது அவள்தான், எழுதிய கை உங்களுடையது. மற்ற எழுத்தை விட அந்த வரியில் மை கொஞ்சம் தடித்து, அழுத்தி எழுதின மாதிரி இருக்கிறது. பேனா மக்கர் பண்ணியிருக்கும் என்கிறான் காளியப்பன். அவனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்?

அதை நீங்கள் கூப்பிட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சரி என்றால் நீங்கள் பதில் போட வேண்டாம். வர வேண்டாம் என்றால் மட்டும் எழுதுங்கள். ஆனால் அதுவரை நான் கடிதம் வருகிற ஆபீஸ் பக்கமே போகாமல் இருக்கப் பார்க்கிறேன்.

நீங்களும் மகளும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சனிக்கிழமை பிள்ளையைச் சீக்கிரம் தூங்க வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
ஐயாசாமி